மரத்தளங்களில் இடைவெளி தோன்றுதல்: இயற்கைக் காரணிகளும் உற்பத்திக் காரணிகளும்

வன்மரப் பலகைகளால் அமைந்த தளங்களில், பலகைக்கும் பலகைக்கும் இடையே காலப்போக்கில் இடைவெளிகள் தோன்றுவது வட அமெரிக்காவிலே வீடமைப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் ஒரு சிக்கலாகும். சீமெந்துத் தளத்திற்கும், அதற்கு முன்னர் சாணமிட்டு மெழுகிய மண்தளத்திற்கும் பழகிய நமக்கு இது தொலைதூர விடயமாகத் தோன்றலாம். இலக்கிய ஆய்வாளன் ஒருவன் இதுபற்றி எழுத முற்படுவது அதனினும் விநோதமாகத் தோன்றலாம். ஆயின் 1983ஆம் ஆண்டிற்குப் பின்னர் நம்மவர் பெருந்தொகையினராகக் கனடாவிலே குடியேறினர். அவர்களுட் பலர் இத்தகைய தளங்களின்மீது வாழ்கின்றனர். சிலர் அத்தளங்களை அமைப்பதையே தம் தொழிலாகக் கொண்டுள்ளனர். அவ்வாறான ஒருவருக்கு நேர்ந்ததே இக்கட்டுரைக்கு வாய்ப்பளித்தது.

அவர் எனது ஒன்றுவிட்ட தமையனார். ரொறன்ரோ நகருக்கு அண்மையில், புதிதாகக் கட்டப்பட்ட வீடொன்றில் ஆடி மாதத்திலே செவ்வோக்குப் பலகைகளால் தளம் அமைத்துக் கொடுத்தார். கூலி சதுர அடிக் கணக்கில்; ஒப்பந்தகாரரிடமிருந்து அல்ல, ஒப்பந்தகாரரிடம் உபஒப்பந்தம் பெற்றவரிடமிருந்து. அடுத்த மாசி மாதத்தில், தளமெங்கும் கோடிட்டாற்போல இடைவெளிகள் விழுந்துள்ளன என வீட்டுக்காரர் முறையிட்டார். 'வேலை பிழை' என்று கூறி, நிறுத்திவைத்திருந்த கூலியின் இறுதிப் பகுதியைக் கொடுக்க உபஒப்பந்தகாரர் மறுத்தார். பலகை விற்றவரோ, மரம் என்றால் அப்படித்தான், அது இயற்கை என்றார். இவ்விரு விளக்கங்களுள் ஒன்று குற்றத்தைத் தனிமனிதனின் கையின்மீது சுமத்துகின்றது. மற்றையது குற்றமென ஒன்றே இல்லை என்கின்றது. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. இரண்டும் எதனைச் சொல்லாது விடுகின்றன என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் மரத்தின் இயல்பை நோக்குவோம். உயிர்மரத்தில் நீர் இருவகையாக உள்ளது. ஒருபகுதி கலங்களின் உள்வெளியில் தங்கி நிற்பது. மறுபகுதி கலச்சுவர்களில் ஊறி, அவற்றின் பதார்த்தத்தோடு பிணைந்திருப்பது. உலர்ந்த மரத்தின் நிறைக்கு எத்தனை வீதம் நீர் உள்ளது என்பதையே மரத்தின் நீரடக்கம் என்பர். பச்சை ஓக்கிலே இது 70, 80 வீதம்வரை இருக்கும். மரம் உலரும்போது கலங்களின் உள்வெளி நீரே முதலில் வெளியேறுகின்றது. அதனால் மரத்தின் பாரம் குறையுமே தவிர, அளவு மாறுவதில்லை. நீரடக்கம் ஏறத்தாழ 30 வீதத்திற்குக் கீழே இறங்கிய பின்னர்தான் கலச்சுவர்கள் தம்மிடமுள்ள நீரை இழக்கத் தொடங்குகின்றன. சுருக்கம் அங்கேதான் ஆரம்பமாகின்றது. பாதி உலர்ந்த மரத்தைப் பார்த்து 'இது சுருங்காத சாதி' என ஏமாறுவோர் இவ்வெல்லையை அறியாதோரே.

மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவிற் சுருங்குவதுமில்லை. முற்றிலும் பச்சையான நிலையிலிருந்து முற்றிலும் உலர்ந்த நிலைக்கு வரும்போது நீளவாக்கிலே அது 0.1 முதல் 0.2 வீதமே சுருங்கும். குறுக்குவாக்கிலோ நிலைமை வேறு. செவ்வோக்கு, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரைத்திசையில் 4 வீதமும், வளர்ச்சி வளையங்களைத் தழுவிச் செல்லும் தொடலித்திசையில் 8.6 வீதமும் சுருங்குகின்றது. தேக்கிலே இவை முறையே 2.5 வீதமும் 5.8 வீதமும் ஆகும். தேக்கைக் கப்பற் கட்டுநரும் தச்சரும் போற்றியமைக்கு அதன் எண்ணெய்ப் பசையோடு இந்தக் குறைந்த சுருக்கமும் ஒரு காரணம். ஆகவே தளப்பலகையின் நீளத்தில் இடைவெளி தோன்றுவது அருமை. அகலத்திலேயே அது தோன்றும். எவ்வளவு தோன்றும் என்பதை, மரக்குற்றி எவ்வாறு அறுக்கப்பட்டது என்பது பெரிதும் தீர்மானிக்கின்றது. பலகையின் அகலம் ஆரைத்திசையில் அமையுமாறு அறுத்தால் சுருக்கம் பாதிக்கும் கீழாகக் குறைகின்றது. ஆனால் அவ்வாறு அறுக்கும்போது குற்றியைப் பலமுறை திருப்பவேண்டும், வேலை கூடும், கழிவும் கூடும். மரவாலைகள் பெரும்பாலும் நேர்வாக்கிலே வரிசையாக அறுத்துத் தள்ளுவதன் காரணம் இதுவே. ஒரு பலகை இருபது ஆண்டுகளின் பின் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதில் ஒரு பகுதி, அறுவைவாளின் முன்னால் அன்றைய விலைக்கணக்கிலேயே முடிவாகிவிடுகின்றது.

அடுத்தது வளி. மரம் ஒருமுறை உலர்ந்து முடிந்துவிடும் பொருளன்று. தன்னைச் சூழ்ந்த வளியோடு ஓயாது கொடுக்கல் வாங்கல் செய்யும் பொருள். யாழ்ப்பாணத்திலே மாரிகாலத்தில் முதிரைக் கதவு நிலையோடு இறுகித் தோளால் மோதித் திறக்கவேண்டியதாவதையும், கோடையிலே அதே கதவு விரற்கடை வெளிச்சம் காட்டி நிற்பதையும் நாம் அனைவரும் கண்டுள்ளோம். வளி தாங்கக்கூடிய உச்ச நீராவியில் எத்தனை வீதம் உண்மையில் அதில் உள்ளது என்பதைச் சாரீரப்பதன் என்கின்றோம். சாதாரண அறை வெப்பநிலையில் சாரீரப்பதன் 80 வீதமாயின் மரம் ஏறத்தாழ 16 வீத நீரடக்கத்திலே சமநிலை கொள்ளும். 50 வீதமாயின் 9 வீதத்தில். 30 வீதமாயின் 6 வீதத்தில். கொழும்பிலே சாரீரப்பதன் சராசரியாக ஆண்டு முழுவதும் 70 வீதத்திற்கு மேல் நிற்பதனால், அங்குள்ள மரம் பெரிய ஏற்ற இறக்கமின்றி வாழ்கின்றது. அதே மரத்தாலான பெட்டகத்தைக் கனடாவிற்குக் கொண்டுசென்றால் முதற் குளிர்காலத்திலேயே மூட்டுகள் கழலுவதும் பலகை வெடிப்பதும் இதனால்தான்.

கனடாவின் குளிர்காலம் வெளியே ஈரமானதாகத் தோன்றும். வீட்டினுள்ளே அது வரண்ட காலம். வெளியே வெப்பநிலை 0 பாகை, சாரீரப்பதன் 80 வீதம் என்று கொள்வோம். அந்த வளி வீட்டினுள் நுழைந்து 21 பாகைக்குச் சூடாக்கப்படும்போது அதிலுள்ள நீராவி கூடுவதில்லை. ஆனால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு நான்கு மடங்காகின்றது. எனவே சாரீரப்பதன் 20 வீதத்திற்கு இறங்கிவிடுகின்றது. வெளியே மேலும் குளிர்ந்தால் உள்ளே மேலும் வரட்சி. சூடு மரத்தைச் சுருக்குகின்றது எனப் பொதுவாகச் சொல்லப்படுவது சரியன்று. சூட்டினால் மரம் மிகச் சிறிதளவு விரியவே செய்கின்றது. சூடான வளியின் வரட்சியே மரத்தைச் சுருக்குகின்றது.

கணக்கிட்டுப் பார்ப்போம். வட அமெரிக்காவிலே வழக்கமான ஓக்குத் தளப்பலகை 57 மில்லிமீற்றர் அகலமும் 19 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது. ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் தவாளிப்பினுட் புகுமாறு இவை கோக்கப்படும். கோடையில் 10 வீதமாயிருந்த நீரடக்கம் குளிர்காலத்தில் 6 வீதமாகக் குறையுமாயின், தொடலிவழி அறுத்த செவ்வோக்குப் பலகை 0.8 மில்லிமீற்றர் அளவிற் சுருங்கும். ஆரைவழி அறுத்ததாயின் சுருக்கம் 0.4 மில்லிமீற்றரை எட்டாது. அண்மைக் காலத்தில் நாகரிகமாகிவிட்ட 127 மில்லிமீற்றர் அகலப் பலகையாயின், தொடலிவழிச் சுருக்கம் 1.9 மில்லிமீற்றர் அளவாகும். அகன்ற பலகை பழமையின் கம்பீரத்தைத் தருகின்றது என விளம்பரங்கள் கூறும். அது அகன்ற இடைவெளியையும் தரும் எனக் கூறுவதில்லை. குளிர்காலத்தில் திறந்து கோடையில் மூடிக்கொள்ளும் இவ்விடைவெளிகள் எவருடைய பிழையுமல்ல. வீட்டினுள் சாரீரப்பதனை 30 வீதத்திற்கும் 50 வீதத்திற்கும் இடையே பேணுமாறு அத்தொழிலினரின் வழிகாட்டல்கள் கூறுகின்றன. வளிக்கு ஈரமூட்டும் கருவியும் அதனை இயக்கும் பழக்கமும் இருந்தால் இடைவெளி மயிரிழையளவில் நிற்கும். இவ்வளவில் பலகை விற்றவரின் 'இயற்கை' வாதம் சரியானதே.

ஆயின் மூடிக்கொள்ளாத இடைவெளிகளும் உள்ளன. இவற்றின் காரணம் முதற்பார்வைக்கு நம்பக் கடினமானது: பல சமயங்களில் நிரந்தர இடைவெளியைத் தோற்றுவிப்பது வரட்சியன்று, ஈரமே. நம்முடைய தோட்டக்காரர் இதனை வேறொரு வடிவில் நன்கறிவர். மண்வெட்டிப் பிடி ஆடத் தொடங்கினால் அதனைத் தண்ணீரில் ஊறவிடுவதுண்டு. ஊறிய பிடி விரிந்து இரும்பினுள் இறுகும். இரண்டு நாளின் பின் வெயில் பட்டதும் முன்னையிலும் மோசமாக ஆடும். நடப்பது என்னவெனின், விரிய முற்பட்ட மரத்தை இரும்பு விரியவிடவில்லை; விரிவு வெளியே செல்ல இடமின்றி உள்ளேயே நெரிந்து, கலங்கள் நசுங்கிவிட்டன. பின்னர் நீர் வெளியேறும்போது மரம் தன் பழைய அளவிற்கு அல்ல, அதனிலும் சிறிய அளவிற்கே மீள்கின்றது. நாருக்குக் குறுக்கே மரம் மீளத்தக்க வகையிற் தாங்கக்கூடிய நெருக்கம் 1 வீதத்தையும் தாண்டாது. 6 வீத நீரடக்கத்திலே இறுகக் கோத்த செவ்வோக்குத் தளம் 12 வீதத்திற்கு நனைந்தால், ஒவ்வொரு பலகையும் 2 வீதத்திற்கு மேல் விரிய முனையும். சுவரோரம் விடப்பட்ட வெளி அதிற் சிறுபகுதியையே ஏற்கும். ஆணிகள் ஒவ்வொரு பலகையையும் அதனதன் இடத்திலே பிடித்துவைத்திருக்கின்றன. எனவே பலகைகள் ஒன்றையொன்று நசுக்குகின்றன. அடுத்த குளிர்காலத்திலே திறக்கும் இடைவெளி பருவச் சுருக்கமும் நசுங்கிய இழப்பும் சேர்ந்தது. அதற்கடுத்த கோடையில் அதன் ஒரு பகுதி மட்டுமே மூடும். எதனையும் 'இயக்கவியல்' என்று அழைத்துவிட்டு விளக்கிவிட்டதாக எண்ணும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. எனவே அச்சொல்லை இங்கு தவிர்க்கின்றேன். கலம் நசுங்குகின்றது என்பதே போதிய விளக்கம்.

இனி அந்த ஈரம் எங்கிருந்து வந்தது எனக் கேட்கவேண்டும். புதிய வீடொன்றிலே கொங்கிறீற்று, சுவர்ப்பூச்சு, வர்ணம் ஆகியவை வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் நீரை வெளிவிட்டுக்கொண்டேயிருக்கும். தளப்பலகையோ மரவாலையின் உலர்சூளையில் 6 முதல் 9 வீதம்வரை உலர்த்தப்பட்டு வருவது. அவ்வாறு உலர்ந்த பலகையை ஈரமான வீட்டினுள் வைத்தால் அது நீரை உறிஞ்சத் தொடங்கும். எனவே வீடு உலர்ந்து, வெப்பமூட்டும் ஒழுங்கு இயங்கத் தொடங்கிய பின்னரே பலகையைக் கொண்டுவரவேண்டும் என்பதும், அடிப்பலகைக்கும் தளப்பலகைக்கும் இடையிலான நீரடக்க வேறுபாடு ஒடுங்கிய பலகைகளாயின் 4 வீதத்திற்குள்ளும், 3 அங்குலமும் அதற்கு மேலும் அகன்றவையாயின் 2 வீதத்திற்குள்ளும் இருக்கவேண்டும் என்பதும் தொழில் விதிகள். இதனை அளக்கும் சிறுகருவி கையடக்கமானது. அளத்தலுக்கு நிமிடங்களே தேவை. அளந்து கிடைத்த எண்ணின்படி நடப்பதற்குத்தான் நாட்கள் தேவை.

இங்கேதான் நமது விடயத்தின் மையம் உள்ளது. 1885ஆம் ஆண்டில் ஏங்கெல்சு பதிப்பித்து வெளியிட்ட 'மூலதனம்' இரண்டாம் பாகத்திலே, உற்பத்தி நேரமும் உழைப்பு நேரமும் ஒன்றல்ல என்பதை மார்க்சு விளக்குகின்றார். திராட்சை இரசம் நொதிக்கும்போதும், வனைந்த மட்பாண்டம் உலரும்போதும் அங்கு எவரும் உழைப்பதில்லை. ஆயினும் பொருள் இன்னும் உற்பத்தியில்தான் உள்ளது. இதற்கு அவர் காட்டும் உதாரணங்களுள் ஒன்று, அமெரிக்காவிலே சப்பாத்துத் தைப்பதற்கான மர அச்சுச் செய்யும் தொழிலாகும். அச்சு பின்னர் கோணாதிருக்கும்பொருட்டு மரத்தை 18 மாதம்வரை சேமித்து உலரவிட வேண்டியிருந்தது. அக்காலம் முழுவதும் முதலீடு முடங்கிக் கிடக்கும். அது எந்த மேலதிக உழைப்பையும் உறிஞ்சுவதில்லை. மூலதனத்தின் பார்வையில் இது வெறும் காத்திருப்பு. மரத்தின் பார்வையிலோ (அவ்வாறு கூறலாமாயின்) வேலையின் மிக முக்கியமான பகுதி இதுதான். இந்நேரத்தைக் குறுக்குவதற்கு மூலதனம் முனைவது எவருடைய தனிப்பட்ட பேராசையாலும் அன்று. முதலீட்டின் சுழற்சி விரைவுபட்டால் இலாபம் கூடும் என்ற அமைப்பின் இயல்பினாலேயாகும்.

இதிலிருந்து, முன்னைய கைவினைஞனின் பொறுமையே சிறந்தது, இயந்திரச் சூளையே கேடு என்னும் முடிவிற்குச் சிலர் தாவக்கூடும். அது தவறு. ஓர் அங்குலத் தடிப்பிற்கு ஓராண்டு காற்றில் உலர்த்துவது என்பது மேலைநாட்டுத் தச்சரின் பழைய வாய்பாடு. ஆனால் குளிர்நாடுகளின் திறந்த வெளியிலே எத்தனை ஆண்டு உலர்த்தினும் மரத்தின் நீரடக்கம் பொதுவாக 12 வீதத்திற்குக் கீழே இறங்குவதில்லை. வீடு முழுவதையும் சூடாக்கும் ஒழுங்கு வராத காலத்துக்கு அது போதுமானதாயிருந்தது. பழைய வீடுகளிற் பின்னர் அவ்வொழுங்கு புகுத்தப்பட்டபோது, தலைமுறைகளாக அமைதியாயிருந்த தளங்களும் வாய்பிளந்தன. 6 வீதத்திற்கு மரத்தைக் கொணரும் ஆற்றல் சூளைக்கே உண்டு. அது சில வாரங்களில் அதனைச் செய்வது உற்பத்திச் சக்திகளின் மெய்யான முன்னேற்றம். சூளை மிச்சப்படுத்திய மாதங்களில் ஒரு பத்து நாளையேனும் பலகை வீட்டிற்கு இசைவதற்கு ஏன் ஒதுக்க முடிவதில்லை என்பதே கேள்வி. விடை கட்டட அட்டவணையில் உள்ளது. வங்கிக் கடனுக்கு வட்டி நாள்தோறும் ஏறுகின்றது. வீடு குறித்த நாளில் கையளிக்கப்படவேண்டும். தளம் இடுவது ஏறக்குறைய இறுதி வேலையாதலால் முன்னே ஏற்பட்ட தாமதங்கள் யாவும் அதன்மேல் வந்து விழுகின்றன. சதுர அடிக்குக் கூலி பெறுபவன் காத்திருக்கும் நாளுக்குக் கூலி பெறுவதில்லை. காத்திருக்குமாறு கோரும் உரிமை அவனுக்குப் பெயரளவிலேயே உண்டு.

ஏனைய காரணங்களைச் சுருக்கமாகவே கூறலாம். ஆணிகள் 8 முதல் 10 அங்குலத்திற்கு ஒன்றாக அடிக்கப்படாவிடின் பலகை இடம்பெயரும். இது தொழிலாளியின் பிழைதான், மறுப்பதற்கில்லை. அடியிலுள்ள ஒட்டுப்பலகைகள் சரிவரப் பிணைக்கப்படாவிடின் அவற்றின் மூட்டுகளுக்கு நேர்மேலே நீண்ட ஒற்றைக் கோடாக இடைவெளி தோன்றும். அடித்தளம், மேற்கட்டுமானம் என்று நாம் இலக்கிய விவாதங்களிற் கையாளும் உவமையே கட்டடத் தொழிலிலிருந்து பெறப்பட்டதுதான். ஆனால் மேலேயுள்ள ஒவ்வொரு விரிசலுக்கும் கீழே ஒரு விரிசலைத் தேடுவோருக்கு, மேற்பலகை தானாகவும் சுருங்கும் என்பதை இத்தளங்கள் நினைவூட்டக்கூடும். மூன்றாவது, சில பூச்சுகள் மூட்டினுள் இறங்கிப் பலகைகளை ஒட்டிவிடுகின்றன. அப்போது ஏழு பலகைகள் ஒரே பலகைபோலச் சுருங்கி, ஏழின் சுருக்கமும் ஓரிடத்திற் கூடி, 6 மில்லிமீற்றர் அளவான ஒரே பிளவாகத் திறக்கும். ஒவ்வொரு மூட்டிலும் 0.8 மில்லிமீற்றர் எவர் கண்ணையும் உறுத்தாது. ஒரே இடத்தில் 6 மில்லிமீற்றர் வழக்குமன்றம்வரை செல்லும். மொத்தச் சுருக்கம் இரண்டிலும் ஒன்றே.

ஆகவே இடைவெளி தன் காரணத்தை ஓரளவிற்குத் தானே கூறுகின்றது. எங்கும் சமமாகப் பரவி, கோடையில் மூடுமாயின் பருவ வரட்சி. ஒற்றைக் கோடாயின் கீழே பார்க்கவேண்டும். சில பலகைகளுக்கு ஒன்றாக அகன்றிருந்தால் பூச்சைப் பார்க்கவேண்டும். கோடையிலும் மூடாது, பலகையின் மேலோரங்கள் நசுங்கி மழுங்கியிருக்குமாயின், அத்தளம் எப்போதோ ஈரத்தில் நெரிந்தது என்பது தெளிவு. எனவே மாசி மாதத்திலே ஒருமுறை வந்து பார்த்துத் தீர்ப்புக் கூறுவது எவ்வகையிலும் நியாயமாகாது. குறைந்தது ஒரு முழு ஆண்டுச் சுற்றைப் பார்க்கவேண்டும்.

தமையனாரின் விடயத்தில் அவ்வாறு பார்க்கப்படவில்லை. பலகைக் கட்டுகள், சுவர்ப்பூச்சு உலராத கீழ்மாடியில் ஒன்பது நாள் கிடந்தன. மேலே கொண்டுவரப்பட்ட மறுநாளே இடும்படி அவருக்குக் கூறப்பட்டது. இரு வாரம் விடுவோம் என அவர் கேட்டதற்குச் சாட்சியாகத் தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தி உள்ளது, பதில் இல்லை. ஈரமான பலகைகளை அவர் இறுகக் கோத்தார். மழை மிகுந்த ஆவணியில் அவை மேலும் விரிந்து நெரிந்தன. குளிர்காலத்திலே திறந்தன. மாசியில் ஒப்பந்தகாரரின் ஆட்கள் வந்து, மரம் மிகவும் சுருங்கியிருந்த அந்த வேளையிலேயே, இடைவெளிகளை மரப்பசை கொண்டு நிரப்பி மெருகிட்டுச் சென்றனர். செலவு அவருடைய கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. அடுத்த ஆடியிலே பலகைகள் மீண்டும் விரியத் தொடங்கியபோது, இடமின்றிப் பிதுங்கிய பசை வரம்பு வரம்பாகத் தளத்தின்மேல் எழுந்து நின்றது. வீட்டுக்காரர் அனுப்பிய படத்தை அவர் எனக்குக் காட்டினார். வெறுங்காலுக்கு உறுத்துகின்றதாம். அதனைச் சீவி எடுப்பதற்கு யாரை அழைப்பது என்று உபஒப்பந்தகாரர் அவரிடமே கேட்டிருக்கிறார்.